காமாலைக்காரன் கண்ணுக்கு நீலம்

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். பாகூர் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிற பெண். எடுத்த எடுப்பிலேயே, "மேரி சிஸ்டர், ஒரு கூத்தைக் கேளுங்க" என்றாள்.

சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையன். புதுசாகக் கல்யாணம் ஆனவன். லீவில் ஊருக்கு வந்த இடத்தில், தலைவலி தாங்கவில்லை, முகமெல்லாம் எரிகிறது என்று அவளிடம் வந்திருக்கிறான். கிண்டிக் கிளறிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்திருக்கிறது. போனில் விளம்பரம் பார்த்து, ஆண்மைக்கான மாத்திரையை வீட்டுக்கே வரவழைத்திருக்கிறான். டாக்டர் சீட்டு கிடையாது, ஒன்றும் கிடையாது. கூடவே ஈரலைக் காக்கும் சிரப் ஒரு பாட்டில் இலவசம். முதலில் சிரப்பைக் குடித்துவிட்டு அப்புறம் மாத்திரையைப் போட்டால் ஈரலுக்கு ஒன்றும் ஆகாது என்று விளம்பரத்தில் சொன்னார்களாம்.

"போன வருசம்தான்டா உனக்குக் காமாலை வந்துச்சு, பயமா இல்லியான்னு கேட்டேன் சிஸ்டர். அதுக்குத்தான் சிரப் குடிக்கிறேன் இல்லியான்றான்."

எனக்கு வாயடைத்துப் போனது. என் வாயை அடைப்பது லேசான காரியம் இல்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால் சாட்சி சொல்லியிருப்பார். அந்தக் காலத்தில் சந்துபொந்தில் லேகியம் விற்றவன் செய்த அதே அயோக்கியத்தனத்தை இப்போது பளபளப்பான அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

"அந்த ஏழுமலை கேஸை நம்ம நர்ஸ் புள்ளைங்களுக்கு ஒரு தபா சொல்லுங்க சிஸ்டர். எழுதிக் குடுத்தாகூடப் போதும்" என்றாள் சங்கீதா. சரி என்று உட்கார்ந்துவிட்டேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் படித்த கதையை நீட்ட மாட்டேன். வில்லியனூரில் பிறந்து, மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்து, நர்ஸிங் முடித்து, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் விறைப்பாக நின்று திட்டு வாங்கி, ஊசி போடக் கற்றுக்கொண்டேன். எல்லா நர்ஸும் கற்றுக்கொள்வதுதான். நான் வேலை கற்றது அங்கே இல்லை. டாக்டர் கலியமூர்த்தியிடம்.

காரைக்கால் பக்கத்து மனிதர். ஒல்லி, உயரம், சத்தமே வராத பேச்சு. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நோயாளி என்ன வார்த்தை சொன்னாரோ அதே வார்த்தையை நாம் மாற்றாமல் டாக்டரிடம் வந்து சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சார், அந்தம்மாவுக்கு நெஞ்சுவலி" என்று போய்ச் சொன்னேன்.

"அவங்க வலின்னு சொன்னாங்களா?"

"நெஞ்சு கரிக்குதுன்னாங்க சார். அது வலிதானே."

"சிஸ்டர், உங்க வார்த்தைய எனக்குச் சொல்லாதீங்க. அவங்க வார்த்தைய சொல்லுங்க."

இந்த மனிதர் நம்மைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக்குகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பழகிவிட்டது. அப்புறம் அப்படி இல்லாத டாக்டர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வந்தது.

காமாலை பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. "ட்யூப் லைட் பொய் சொல்லும்" என்பார். வராந்தா முடிகிற இடத்துக்கு, வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வரும் வாசலுக்கு, நோயாளியை அழைத்துப் போவார். கீழே பார்க்கச் சொல்லி, கட்டைவிரலால் மேல் இமையைத் தூக்குவார். கருவிழிக்கு மேலே மறைந்திருக்கிற வெள்ளையில்தான் மஞ்சள் முதலில் தெரியும். அப்புறம் நாக்கை மடக்கி அடிநாக்கைப் பார்ப்பார். பிறகு, "பஸ்ஸை நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுப்பா" என்பார். நீட்டிய கை கோழி இறக்கை அடிக்கிற மாதிரி படபடவென்று தாழ்ந்து எழுந்தால் ஈரல் மோசம், விஷம் மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம். கடைசியாக முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பார். தொப்புளுக்கு நேராக வயிற்றைச் சுற்றி டேப் பிடிப்பது என் வேலை. தையல்காரியிடம் போன மாதிரி இருக்கிறது என்று ஆண்கள் நெளிவார்கள்.

ஏழுமலையை முதலில் நான் பார்த்தது அந்த டேப்போடுதான். சோரியாங்குப்பத்து ஆள், டிராக்டர் ஓட்டுகிறவன். எங்கள் எல்லையோரத்து ஊர்களில் சாராயத்துக்கு என்ன பஞ்சம். குடித்துக் குடித்து ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, நிறைமாதக்காரி மாதிரி வந்தான். அவன் மனைவி செல்வராணி அவனுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

டாக்டர் அவனுக்கு நீர் பிரிய ஒரு மாத்திரையும், ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார். குடியை விடு, இல்லாவிட்டால் பிழைக்க மாட்டாய் என்று சொன்னார். எல்லாரிடமும்தான் சொல்கிறோம். எவன் கேட்கிறான். இவன் கேட்டான். சாராயக்கடை வழியாகப் போக வேண்டுமே என்று வரப்பு வழியாகச் சுற்றிப் போனவன் இவன் ஒருத்தன்தான். வயிறு வற்றியது. கண்ணில் மஞ்சள் போனது. மறுபடி டிராக்டர் ஏறினான். வேறு குடிகாரர்கள் வந்தால், "ஏழுமலைய போய்ப் பாரு" என்று டாக்டரே சொல்லி அனுப்புவார்.

அப்படி இருந்தவன்தான் விழ ஆரம்பித்தான். முதலில் தலைசுற்றல் என்று வந்தான். பிரஷர் இறங்கிக் கிடந்தது. டாக்டர் நீர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த வாரம் மறுபடி வந்தான். எப்போதும் சனிக்கிழமை காலையில்தான் வந்தான். டாக்டர் அவன் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கூலி வாங்கினா போடறியாப்பா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட. வெள்ளிக்கிழம நான் கவிச்சியே தொடறதில்ல."

அவன் கண் கலங்கிவிட்டது. வாடை எதுவும் இல்லை, அவன் பொய் சொல்லவில்லை என்று டாக்டருக்கும் தெரிந்தது. ஆனால் ஏன் விழுகிறான் என்று தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. கரும்பு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்துவிட்டான் என்று சின்ன யானை சரக்கு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நல்ல வேளை, வண்டி நின்ற பிறகு இறங்கும்போது விழுந்திருக்கிறான். நாடி கையில் தட்டுப்படவில்லை. பிரஷர் கருவியில் மேல் அளவு மட்டும் எங்கேயோ அடியில் கேட்டது, கீழ் அளவு கேட்கவே இல்லை. படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டோம். டாக்டர் சலைனை அளந்து அளந்து விடச் சொன்னார். ஈரல் கெட்டவனுக்குச் சலைனைக் கொட்டவும் முடியாது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அது வேறு ஒரு கேஸுக்குப் போயிருந்தது.

வராந்தாவில் அவன் அம்மா பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "மருந்து வெச்சுட்டாளே. எம்புள்ளைக்கு மருந்து வெச்சுட்டாளே இந்த பாவி. ஒரு புள்ள பெக்க வக்கில்லாதவ, எங்க வேற பொண்ணு பாத்துடுவனோன்னு மருந்து வெச்சுட்டா."

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தைக்கு என்ன எடை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மருந்து கொடுப்பது வேறு, மருந்து வைப்பது வேறு. மருந்து கொடுப்பவள் நர்ஸ். மருந்து வைப்பவள் புருஷனை மயக்குகிறவள், சாப்பாட்டில் எதையோ கலந்து அவனைக் கைக்குள் போட்டுக்கொள்கிறவள். செத்தால் அவள்தான் கொன்றாள். அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் அவள் கையால் எந்த வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். செல்வராணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். "வாய மூடும்மா, இது ஆஸ்பத்திரி" என்று கிழவியை அதட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஏழுமலை கண் விழித்திருந்தான். முகம் சிவந்து கிடந்தது. நெஞ்சை இறுக்குகிறது என்றான். பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், சொன்னா சிரிப்ப. இந்த செவுரு எப்ப நீலம் அடிச்சீங்க?"

சுவர் வெள்ளை. சுண்ணாம்பு உதிர்ந்த வெள்ளை. நான் வாய் சும்மா இல்லாமல், "காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு இன்னாடா நீலம்?" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. சலைன் ட்யூபைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "மறுபடி சொல்லுப்பா. என்ன கலர்?"

"நீலம் சார். சாயம் தேய்ச்ச மாதிரி இருக்குது. போன வாரமும் இப்டித்தான் தெரிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள சரியாப்பூடும்."

டாக்டர் ஸ்க்ரீனை இழுத்து மூடினார். கூச்சமான கேள்வி கேட்கும்போது அவர் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். பிரஷர் கருவியின் துணிப்பட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்பார். பட்டை சுருண்டு முடிவதற்குள் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

"ஏழுமலை, நெஜத்தைச் சொல்லணும். பொண்டாட்டிகிட்ட போறதுக்குன்னு மாத்திரை ஏதாவது போடறியா? அந்த மாத்திரைலதான் இப்டி நீலமா தெரியும்."

"எம் பொண்டாட்டி மேல சத்தியமா இல்ல சார். அதெல்லாம் போட்டா ஈரல் பூடும்னு எனக்குத் தெரியாதா?" பிறகு, பக்கத்தில் நான் நிற்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வருசக்கணக்கா ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு சார். இப்பத்தான் கொஞ்ச நாளா பரவால்ல. குடிய வுட்டேன் இல்ல, ஒடம்பு தேறுது" என்றான். அந்தச் சந்தோஷத்தை மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். "எல்லா ஆம்பளையும் இதுல பொய் சொல்லுவான். ஆனா இவன் சொல்ற மாதிரி தெரியல. நீங்க அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க, நான் கேட்டா சொல்ல மாட்டாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எனக்குத் தெரியணும். நெஞ்சை இறுக்குதுங்கறான். அங்க போனப்புறம் பிரஷர் ஏறி, நெஞ்சுவலி மாத்திரைய நாக்குக்கு அடியில வெச்சுட்டாங்கன்னா, அதுவும் இதுவும் சேர்ந்து பிரஷர் திரும்பி வராது. ஆள் போயிடுவான்."

செல்வராணியை ஊசி போடும் அறைக்குள் கூட்டிப் போனேன். "பயப்படாத ராணி. உன் வூட்டுக்காரருக்கு வேற ஏதாவது மருந்து குடுத்தியா?"

அவள் உடம்பு தூக்கிப்போட்டது. "நான் எந்த மருந்தும் வெக்கல சிஸ்டர். மாதா மேல ஆணையா நான் மருந்து வெக்கல."

திரும்பித் திரும்பி அதையேதான் சொன்னாள். வந்து டாக்டரிடம், "இல்லைன்னுட்டா சார்" என்றேன்.

"அவங்க வார்த்தை என்ன?"

"நான் மருந்து வெக்கல, அப்படின்னா."

"நீங்க எப்டி கேட்டீங்க?"

"மருந்து குடுத்தியான்னு."

"நீங்க குடுத்தியான்னு கேக்கறீங்க. அவங்க வெக்கலன்னு சொல்றாங்க. உங்களுக்குப் பதில் வரல சிஸ்டர். அது அவங்க மாமியாருக்குச் சொன்ன பதில்."

எனக்குச் சுரீர் என்றது. அந்த வார்த்தை எங்கள் வீட்டு வார்த்தை, நான் பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை. காரைக்கால்காரர் காதில் விழுந்தது என் காதில் விழவில்லை. மறுபடி போனேன். இந்தத் தடவை மருந்து என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒடம்பு தேறணும்னு அவருக்கு சத்துக்கு ஏதாவது போட்டுக் குடுப்பியா?" என்று கேட்டேன்.

"அது குடுக்கறேன் சிஸ்டர்" என்றாள். ஒளிவுமறைவே இல்லை. "லேகியம். பால்ல கரைச்சுக் குடுப்பேன். வெள்ளிக்கிழம வெளக்கேத்திட்டு."

வில்லியனூர் சந்தைக்குப் பின்னால் மைக் வைத்து ஒருத்தன் விற்றானாம். ஈரலும் ஆண்மையும் ஒன்றுதான், ஈரல் தேறினால் ஆண்மை தானாக வரும், இது இரண்டுக்கும் ஒரே லேகியம், கீழாநெல்லி போட்டுக் கிண்டியது என்றானாம். ஆம்பிளைக்குத் தெரிந்தால் ரோஷப்படுவான், தெரியாமல் கொடு என்று சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். சுண்டைக்காய் அளவு என்றிருக்கிறான். சீக்கிரம் குணமாகட்டும் என்று இவள் நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"ஏம்மா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"அது மருந்து இல்லியே சிஸ்டர். கீழாநெல்லி தான. காமாலைக்கு எல்லாரும் குடுக்கறது தான?" அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "எங்க மாமியாரு அவருக்கு வேற பொண்ணு பாக்குது. ஒரு புள்ள வந்துட்டா என்ன இருக்க வுட்டுடும்" என்றாள்.

வீட்டிலிருந்து லேகிய டப்பாவை எடுத்துவரப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினோம். ஸ்கூட்டரில் துணி சுற்றிக் கொண்டுவந்தாள். டாக்டர் ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் கேட்டார். ஒரு ஸ்பூன் லேகியத்தை அதில் போட்டு, கலக்காமல், டம்ளரை மட்டும் மெதுவாகச் சுழற்றினார். வெல்லம் கரைந்து தண்ணீர் கருத்தது. அதை மேலாக வடித்துவிட்டு மறுபடி வெந்நீர் விட்டார். மறுபடி வடித்தார். மூன்றாம் முறை தண்ணீர் தெளிந்தபோது டம்ளரை வராந்தா வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அடியில் நீலத் துணுக்குகள். நகச்சாயம் உரிந்து விழுந்த மாதிரி, சின்னச் சின்னதாக, பளிச்சென்று நீலம்.

எத்தனையோ விஷம் குடித்த கேஸ் பார்த்திருக்கிறேன், பூச்சிமருந்து வாடையிலேயே வேலை பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆண்மை மாத்திரைக்கு மேலே பூசியிருக்கும் நீலப் பூச்சு அது. மருந்துக்கடை மாத்திரையை வாங்கி, சரியாகப் பொடிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் இடித்து, கீழாநெல்லி என்று சொல்லி விற்றிருக்கிறான். எந்த உருண்டையில் எத்தனை மாத்திரை போனதோ அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிறகு பரிசோதனைக்கு அனுப்பியபோதும் அந்த மாத்திரைதான் என்று சொன்னார்கள். விற்றவன் அதற்குள் மைக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான்.

டாக்டர் ஏழுமலையிடமே சொல்லிவிட்டார். ஸ்க்ரீனுக்குள் அவர், நான், செல்வராணி மூன்று பேர்தான். அவனுக்குப் புரிகிற மாதிரி ஏரியை வைத்துச் சொன்னார். "ஏரிக்குத் தண்ணி வந்துட்டே இருக்கு, மதகு துருப்பிடிச்சு பாதிதான் தொறக்குதுன்னா என்ன ஆகும்? உள்ள போற மாத்திரைய உடைச்சு வெளிய தள்ற மதகு ஈரல்தான். நல்ல ஈரலா இருந்தா ஒரு நாளைக்குள்ள தள்ளிடும். உன்னோடது தள்ளாது, அப்டியே தேங்கும். நான் குடுக்கறதுல ஒண்ணு பிரஷரைக் கொறைக்கும். நீர் மாத்திரையும் கொறைக்கும். லேகியத்துல இருந்த மாத்திரையும் கொறைக்கும். மூணும் சேர்ந்து உன்னைக் கீழ தள்ளுது. ரத்த வாந்தி வராம இருந்ததே பெருசு."

"ஈரலு பூடுச்சா சார்?"

"இல்லப்பா. நல்ல ஈரலை இந்த மாத்திரை கெடுக்கறது அபூர்வம். கெட்ட ஈரல்தான் இந்த மாத்திரைய விஷமாக்கும். உனக்கு முடியாம போனதும் ஆண்மை இல்லாததால இல்ல. அந்த நோயே அப்டிப் பண்ணும், நான் குடுக்கற மாத்திரையும் பண்ணும். என்கிட்ட கேட்டிருந்தா மாத்திக் குடுத்துப் பாத்திருப்பேன். இந்த மாத்திரை உனக்கு ஆகுமா ஆகாதா, ஆகும்னா எவ்ளோ சின்ன அளவுன்னு நான் பாத்துச் சொல்லணும். சந்தைல விக்கறவன் சொல்லக் கூடாது."

ஏழுமலை இதில் எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. செல்வராணியைப் பார்த்தான். பிறகு நீலமாகத் தெரிந்த அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்ப நான் தேறல. அதானே சார்" என்றான்.

டாக்டர் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நான் சலைன் சொட்டுகளை எண்ணினேன்.

ஏழுமலை பிழைத்துக்கொண்டான். டவுனில் என்ன சாப்பிட்டான் என்று தெரிந்தே வைத்தியம் பார்த்தார்கள், நெஞ்சுவலி மாத்திரை பக்கமே போகவில்லை. ஒரு வாரத்தில் வீடு வந்தான். குடியை அதற்கப்புறமும் தொடவில்லை. சங்கீதா, உன் பிள்ளைகளிடம் சொல்: ஈரல் கெட்டவன் மயங்கி வந்தால், மருந்து சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதே. லேகியம், சூரணம், சத்து மாவு, பால், டானிக், இலவச சிரப், எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேள். அவனிடமும் கேள், சமைத்துப் போடுகிறவளிடமும் தனியாகக் கேள். ஈரல் சிரப்பைக் குடித்துவிட்டால் எதையும் முழுங்கலாம் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. காமாலை வந்துபோனவன் இந்த மாத்திரை கேட்டால் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பு, அப்புறம் டாக்டரிடம் அனுப்பு. வெட்கப்பட்டால் படட்டும்.

ஆனால் இந்தக் கேஸில் என்னை இன்றைக்கும் உலுக்குவது அந்த நீலத் துணுக்கு இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் நடந்தது.

லேகிய டப்பா வந்ததைப் பச்சையம்மாள் பார்த்துவிட்டாள். தன் தம்பியையும், சின்ன யானை ஓட்டிவந்தவனையும், கூட வந்த ஊர்க்காரர்களையும் இழுத்துக்கொண்டு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். மேஜைமேல் இருந்த டம்ளரைக் கையில் எடுத்து, அடியில் இருந்ததை எல்லாருக்கும் காட்டினாள்.

"பாருங்கய்யா. நான் சொன்னா கெழவி ஒளறுறான்னீங்களே. பாரு, மருந்து. டாக்டரே எடுத்துட்டாரு. மருந்து வெச்சிருக்கா."

"அம்மா, இது விக்கறவன் பண்ண மோசடி" என்று டாக்டர் ஆரம்பித்தார். அவருடைய குரல் என்றைக்கு நாலு பேருக்குக் கேட்டது. ஏழுமலையின் தாய்மாமன் செல்வராணியின் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னாத்தடி கலந்த? சொல்லு. ஊர்ல பஞ்சாயத்து வெச்சுக் கேட்டாத்தான் சொல்லுவியா?" செல்வராணி வாயே திறக்கவில்லை. என்ன சொன்னாலும் மருந்து வைத்தவள்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிழவி சொன்னது பொய்யும் இல்லையே. நான் குறுக்கே புகுந்து கையை விடுவிக்கப் பார்த்தேன். என்ன சொல்லி விடுவிப்பது என்று தெரியவில்லை.

"அவள வுடு மாமா."

கட்டிலிலிருந்து வந்தது குரல். ஏழுமலை சலைன் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தான். உட்காரக் கூடாது, பிரஷர் இறங்கும் என்று நான் ஓடினேன். அவன் என்னைத் தள்ளிவிட்டான்.

"அத நான்தான் வாங்கியாரச் சொன்னேன்."

பச்சையம்மாள், "இன்னாத்துக்குடா?" என்றாள்.

"எனக்கு முடியல. வருசக்கணக்கா முடியல. புள்ள இல்லாதது அவளால இல்ல, என்னாலதான். வெளிய சொல்லத் துப்பில்லாம இவள அனுப்பி வாங்கியாரச் சொல்லி, நானே கரைச்சுக் குடிச்சேன். போதுமா?"

முப்பது வருஷ சர்வீஸில், ஸ்க்ரீனுக்குள், டாக்டரிடம், பாதிக் குரலில்கூட ஓர் ஆம்பிளை இதை முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. செத்தாலும் சொல்ல மாட்டார்கள், அப்படிச் செத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அரைமணி நேரத்துக்கு முன்னால்வரை அந்த டப்பாவைக் கண்ணால் பார்க்காதவன், தாய்க்கு முன்னால், தாய்மாமனுக்கு முன்னால், நாளைக்கு டீக்கடையில் எதிரே உட்காரப் போகிறவர்களுக்கு முன்னால், அதைச் சொன்னான், லேகியத்தைத் தானே வாங்கச் சொன்னதாக ஒரு பொய்யையும் சேர்த்து. மாமன் செல்வராணியின் கையை விட்டுவிட்டார். பச்சையம்மாள் டம்ளரை மேஜைமேல் வைத்தாள். யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

செல்வராணி கட்டில் பக்கம் ஓர் அடி வைத்தாள். "இல்லீங்க, அவரு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ கம்முனு இரு" என்றான் ஏழுமலை.